கைலாசநாதன் உயரம் பற்றிய செய்திகள்

சுரக்குடி கைலாசநாதனின் உயரம், அவரைப் பற்றி யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அமைந்திருந்தது. அண்ணி ராஜம் பேசினால் அவர் நாலரை அடி இருந்தார். பேருந்து நடத்துநர் முகம்மது இப்ராஹிம் பேசினால் ஆறடி இரண்டு அங்குலம். தேநீர்க்கடைக் கருப்பையன் பேசினால் ஐந்தடி. கருப்பையன் கொட்டாவியோடு பேசுகிறவர் ஆதலால் சில நாள் அதிலும் அரை அங்குலம் குறைவதுண்டு. இது 1972ஆம் ஆண்டு தை மாதத்தில் தெரியவந்தது. அவ்வாண்டு கருப்பையன் கடையில் தேநீரின் விலை பதினைந்து காசாக இருந்து இருபது காசாயிற்று. அந்த ஐந்து காசைப் பற்றிப் பேசிய அளவுக்குச் சுரக்குடி மக்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.

தெரியவந்த விதம் பின்வருமாறு. கைலாசநாதன் அரசு விதைக்கிடங்கில் எழுத்தராகப் பணிபுரிந்து வந்தார். பொங்கலுக்குக் கால்சட்டை தைத்துக்கொள்ளும் பொருட்டு அவர் காரைக்காலுக்குச் சென்று, பேருந்து நிலையத்தை அடுத்திருந்த லூர்துநாதனின் தையற்கடையில் அளவு கொடுத்தார். அப்போது இரண்டு நடைகளுக்கு இடையில் ஓய்வாக அங்கே அமர்ந்திருந்த முகம்மது இப்ராஹிம், கடைக்கு வந்திருந்த வேறொருவரிடம் கைலாசநாதனைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்தார். லூர்துநாதன் நாடாவில் கண்ட அளவை எழுதி, எழுதியவாறே தைத்தார். சுரக்குடிக்குச் சென்று அணிந்து பார்த்தபோது, கால்சட்டையின் இரு கால்களும் கைலாசநாதனின் பாதங்களைக் கடந்து ஒரு முழம் தரையில் கிடந்தன. கொல்லைப்புறத்தில் ராஜம் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். மறுவாரம் கைலாசநாதன் கால்சட்டையைத் திருப்பிக் கொண்டுபோனார். லூர்துநாதன் முப்பது ஆண்டுகளாகப் பாதிரியார்களுக்கு அங்கியும் காவலர்களுக்குச் சீருடையும் தைத்தவர். நாடாவை ஐயப்படும் வழக்கம் அவருக்கு இல்லை. மூன்று முறை அளந்தார், மூன்று அளவுகள் வந்தன, மூன்றையும் எழுதிக்கொண்டார். "மூணுலயும் ஒண்ணு ஒண்ணு தச்சிடுவோங்க. எது பத்துதோ அன்னைக்கு அதைப் போட்டுக்குங்க" என்றார். பையன் வளர்கிற வீட்டில் மூன்று அளவுச் சட்டைகள் இருப்பதில்லையா என்றும் கேட்டார். கைலாசநாதனுக்கு அது நியாயமாகவே பட்டது.

எவரும் பேசாதபோது அவர் என்ன உயரம் இருந்தார் என்னும் வினா எழலாம். அதற்கு அக்காலத்தில் விடை இல்லை. அவரைக் கண்டவர் எவரும் பேசாமல் இருந்ததில்லை. இருவர் ஒரே நேரத்தில் பேசினால், எவர் பேச்சை அதிகம் பேர் கேட்கிறார்களோ அவர் பேச்சே செல்லும். ராஜத்தின் குரல் தாழ்ந்த குரல். ஆனால் அது தொடங்கினால் ஆட்டுக்கல் சுற்றுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எனவே சுரக்குடிக்குள் கைலாசநாதன் பெரும்பாலும் நாலரை அடியிலேயே வாழ்ந்துவந்தார்.

இங்கே ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். மூவரும் வேறு வேறு செய்திகளைச் சொல்லவில்லை. மூவரும் சொன்னது ஒரே செய்தியே, அதுவும் பொய்யன்று. கைலாசநாதனின் தந்தை 1971இல் இறந்தார். அவருக்கு இரண்டு நிலங்கள் இருந்தன. ஒன்று வாய்க்கால் ஓரத்து நஞ்சை. மற்றொன்று மேட்டுக் கொல்லை. சுரக்குடி காவிரியின் கடைமடையைச் சார்ந்தது. கடைமடையில் வாய்க்கால் ஓரத்து நிலம் என்பது, தண்ணீர் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறும் நிலம் ஆகும்; அத்தகைய நிலத்துக்காக உடன்பிறந்தோர் முப்பது ஆண்டுகள் முகம் பாராமல் இருந்திருக்கிறார்கள். பங்கு பிரிப்பதற்காகப் பெரியவர்கள் கூடியபோது, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே, "வாய்க்கால் ஓரத்து நெலம் அண்ணனுக்கு" என்று கைலாசநாதன் சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். ஏன் என்று அவரை எவரும் கேட்கவில்லை. ஏன் என்பது தமக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் கருதினர்.

"வாய்க்கால் ஓரத்து நெலத்தையே தூக்கிக் குடுத்துட்டாரு!" என்று முகம்மது இப்ராஹிம் சொல்வார். ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் பேருந்தின் பின்படிக்கட்டிலிருந்து முன்னிருக்கை வரை எட்டுமாறு கூவிப் பழகிய குரல் அது. அக்குரலில் கேட்பவர்கள் கர்ணனின் பேரனைக் கண்டதுபோல் நிமிர்ந்து அமர்வார்கள். கைலாசநாதன் எங்கிருந்தாலும் அங்கே வளர்வார். "வாய்க்கால் ஓரத்து நெலத்தையே தூக்கிக் குடுத்துட்டாரு" என்று ராஜமும் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுவார். அவ்வளவே. ஒரு சொல் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. கேட்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கைலாசநாதன் எங்கிருந்தாலும் அங்கே குறைவார். கருப்பையனும் இதையே சொல்வார். ஆனால் அடுத்த தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்வார்.

ராஜம் தீயவர் அல்லர். தம் கொழுந்தனைப் பற்றி ஒரு குறையும் அவர் வாயிலிருந்து வந்ததாகச் சாட்சி இல்லை. மூன்று பிள்ளைகள், ஓயாமல் வரப்பிலேயே நிற்கும் கணவர், இரண்டு மாடுகள் ஆகியவற்றை அவர் அந்த நஞ்சையைக் கொண்டே காத்துவந்தார். தூக்கிக் கொடுக்கப்பட்ட ஒன்றைத் திருப்பிக் கேட்பது மனித இயல்பு என்பதும், கொடுத்தவர் கேட்காவிட்டாலும் அவருக்கு வாய்க்கும் மனைவி கேட்பாள் என்பதும் அவரது அச்சம். "வர்றவ சும்மா இருப்பாளாடி? மொத நாளே வாய்க்கால் பக்கம் தலைய நீட்டிப் பாப்பா" என்று ஒருமுறை துணி துவைக்கும் இடத்தில் சொன்னதாகத் தெரிகிறது. ஆகவே கைலாசநாதனுக்குப் பெண் கொடுப்பதற்காக எவரேனும் விசாரிக்க வந்தால், ராஜம் அவர்களுக்கு மோர் கொடுத்து, அவரைப் பற்றி நல்லதாக நான்கு சொற்கள் சொல்வார். மாப்பிள்ளையை மாப்பிள்ளையிடம் விசாரிக்கும் வழக்கம் நம் பகுதியில் இல்லை. தேநீர்க்கடையில் விசாரிப்பார்கள், முடிதிருத்தகத்தில் விசாரிப்பார்கள், நெல் அரைக்கும் இடத்தில் விசாரிப்பார்கள். முடிவில் வீட்டுக்கு வந்து மோர் அருந்திவிட்டு, மாப்பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துப் போவார்கள். இவ்வாறு நான்கு ஆண்டுகளில் ஏழு குடும்பத்தார் வந்து மோர் அருந்திச் சென்றனர். கைலாசநாதனுக்கு முப்பத்து மூன்று வயதாயிற்று.

இது இவ்வாறிருக்க, கோட்டுச்சேரியில் தெட்சிணாமூர்த்தி என்பவருக்குத் திரிபுரசுந்தரி என்றொரு மகள் இருந்தாள். அவளுடைய உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்; அது எவர் பேசினாலும் மாறவில்லை. அவள் காரைக்கால் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவளாகப் பணியாற்றினாள். அவள் குரல் மெல்லியது. தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் அழைப்புக் கேட்கும் வணிகர்கள், அக்குரலுக்கு உரியவள் இடுப்பளவே இருக்கும் ஒரு சிறு பெண் என்று கருதி, "ஏம்மா, கொஞ்சம் சீக்கிரம் போட்டுக் குடும்மா கண்ணு" என்பார்கள். அவர்களில் ஒருவரை வீதியில் நேரில் காண நேர்ந்தால், அவர் அண்ணாந்து பார்த்துவிட்டு வேறு யாரோ என்று கடந்து செல்வார். குரலைக் கொண்டு ஆளைச் செய்துகொள்வது மனிதர்களின் தொழில் என்பதை அவள் ஆறு ஆண்டுகளாகக் காதில் கருவி மாட்டிக்கொண்டு கற்றிருந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. பெண்ணைவிட மாப்பிள்ளை உயரமாயிருத்தல் வேண்டும் என்ற விதியினால் அவள் மணம் தள்ளிக்கொண்டே போயிற்று.

தெட்சிணாமூர்த்தி, நகராட்சியை இன்றும் பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி 'மேரி' என்றே அழைக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். அங்கேயே பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒருவர் வாய்ச்சொல்லை நம்பும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் மகளின் உயரத்துக்குச் சரியாக ஒரு மூங்கில் கழியை நறுக்கி, மாப்பிள்ளை பார்க்கச் செல்லும் ஊர்தோறும் அதைக் கொண்டுபோனார். 1976ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவர் அக்கழியுடன் சுரக்குடிப் பேருந்தில் ஏறியபோது, முகம்மது இப்ராஹிம் அதற்கும் பயணச்சீட்டு கேட்டார்.

"கழிக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?"

"படுத்துக்கிட்டு வந்தா சாமான், காசு வேணாம். இது நின்னுக்கிட்டுல்ல வருது பெரியவரே, உங்களைவிட ஒசரமா. முழு டிக்கெட்டு."

"இது என் பொண்ணுய்யா!" என்று தெட்சிணாமூர்த்தி உரக்கச் சொன்னார்.

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் விளக்கினார். முகம்மது இப்ராஹிம் விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப லேடீஸ் சீட்டுப் பக்கமா சாச்சு வைங்க, ஆம்பளைங்க இடிக்கப் போறாங்க" என்றார். பிறகு மாப்பிள்ளை யார் என்று வினவினார். விதைக்கிடங்குக் கைலாசநாதன் என்றதும், கையிலிருந்த சீட்டுக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, திருநள்ளாறு தாண்டியதிலிருந்து சுரக்குடி வரும் வரையில் ஓயாமல் பேசினார். ஒரு நிறுத்தத்தின் பெயரைக் கூவ மறந்ததால் இரண்டு பெண்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திட்டிக்கொண்டே நடந்தனர். சுரக்குடி நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள், கருப்பையன் கடை வாசலில் நின்ற கைலாசநாதன் மெல்ல மெல்ல வளர்வதைக் கண்டு, பேருந்து திருநள்ளாற்றைத் தாண்டிவிட்டது என்று அறிந்து மூட்டைகளைத் தூக்கிக்கொண்டனர். அவருடைய நெற்றி கடையின் மூங்கில் விட்டத்தில் இடித்தது. "ஓய், கொஞ்சம் வெளில வந்து வளருங்கய்யா, கொட்டாயைத் தூக்கிடப் போறீரு" என்று கருப்பையன் கடிந்துகொண்டார்.

தெட்சிணாமூர்த்தி இறங்கியவுடன் கழியை அவர் அருகில் நிறுத்திப் பார்த்தார். கழி, மாப்பிள்ளையின் மூக்குக்கு நேராக நின்றது. ஏழாண்டு அலைச்சலுக்குப் பின் அவர் முதன்முறையாகக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். வீட்டில் ராஜம் மோர் கொண்டுவந்து வைத்தார். மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தன. தெட்சிணாமூர்த்தி அருந்திவிட்டு, மிக நன்றாக இருப்பதாகக் கூறினார்.

"எங்க கொழுந்தனாரு தங்கங்க" என்றார் ராஜம். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. வாய்க்கால் ஓரத்து நெலத்தையே தூக்கிக் குடுத்துட்டாரு." பிறகு மூச்சு விட்டார்.

எதிரில் நின்ற கைலாசநாதன் விருந்தினர் கண்ணெதிரிலேயே இறங்கத் தொடங்கினார். வேட்டி தரையில் மடிந்து சேர்ந்தது. சட்டைக் கை விரல்களை மூடியது. முகம் மட்டும் மாறாமல், மோர் இன்னும் வேண்டுமா என்று கேட்கும் பாவனையில் இருந்தது. தெட்சிணாமூர்த்தி எழுந்து, மறுபடியும் கழியை வைத்துப் பார்த்தார். கழி தலைக்கு மேல் ஓர் அடிக்கும் அதிகமாகத் தெரிந்தது. "உயரம் பத்தலைங்களே" என்றார் வருத்தத்துடன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைய ஏமாற்றத்தில் கழியை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ராஜம் அதைத் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுக்க எடுத்துக்கொள்வார் என்பதை அறிந்த கைலாசநாதன், உரியவர் தேடி வரக்கூடும் என்று கருதி, அதனை விதைக்கிடங்குக்குக் கொண்டுபோய்த் தம் மேசைக்கு அருகில் சுவரில் சாய்த்து வைத்தார்.

ஒரே மனிதர் ஒரே பகலில் இருவேறு உயரமாக இருந்தார் என்று தந்தை கூறியதைத் திரிபுரசுந்தரி வியப்பின்றிக் கேட்டாள். இரண்டு உயரத்துக்கும் இடையில் யார் யார் பேசினார்கள் என்று மட்டும் வினவினாள். மறுவாரம் அவளுக்கு விடுப்பு நாள். பொதுமக்கள் பேசும் இடத்தில் முறைப்படி கட்டணம் செலுத்தி, சுரக்குடி விதைக்கிடங்குக்கு அழைப்புக் கேட்டாள். அவளுடன் பணிபுரியும் அமலராணி இணைப்பைக் கொடுத்துவிட்டு, தன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேசைமீது வைத்தாள். தோழி என்பதற்காக அல்ல; அது அவர்கள் தொழிலின் ஒழுங்கு. பிற்பகல் மூன்று மணி. சுரக்குடி உண்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. ராஜம் உறங்கினார். முகம்மது இப்ராஹிம் தொழுகைக்குப் போயிருந்தார். கருப்பையன் பலகைமீது படுத்திருந்தார். கைலாசநாதனைப் பற்றி உலகில் எவரும் பேசாத நேரம் அது. விதைக்கிடங்கில் அவரும் காவலாளி தியாகராசனும் மட்டுமே இருந்தனர். தியாகராசன் பேசாத இயல்புடையவர் ஆதலால், அங்கு நிகழ்ந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகே ஊருக்குத் தெரிந்தது.

"விதைக்கிடங்குங்களா? கைலாசநாதன் இருக்காருங்களா?"

"நான்தாங்க பேசுறேன். எங்கேருந்துங்க?"

"கோட்டுச்சேரி. மூங்கில் கழியோட வந்தாரே, அவரு பொண்ணு."

"கழி பத்திரமா இருக்குங்க. பஸ்ல குடுத்து விடட்டுங்களா?"

"கழி கெடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வாய்க்கால் ஓரத்து நெலத்தை ஏன் குடுத்தீங்க?"

கைலாசநாதன், "அதை யாரும் கேட்டதில்லீங்க" என்றார்.

"அதான் நான் கேக்குறேன்ல."

"நண்டுங்க."

"என்னாது?"

"நண்டு. வரப்பு பூரா நண்டு வளை. சாயங்காலம் மிதிச்சு அடைச்சுட்டு வந்தா, விடிஞ்சு போயிப் பாத்தா தண்ணி அடுத்த வயல்ல நிக்கும். நித்தம் வளையை வெட்டி நண்டைப் புடிக்கற அதே வேலை. நமக்கு அந்தப் பொறுமை கெடையாதுங்க. அண்ணனுக்கு வரப்புல நிக்கணும், நண்டை வையணும், அதான் அவருக்கு சொர்க்கம். மேட்டுக் கொல்லையில உளுந்தைத் தூவி விட்டா அது பாட்டுக்கு வெளையும். அதான் குடுத்தேன்."

"அப்ப தியாகம் இல்லை?"

"ஐயையோ."

"ஏமாந்தும் போயிடலை?"

"உளுந்து நல்ல வெலைங்க."

மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. தொலைபேசியில் அவள் பணிநேரத்தில் சிரித்ததில்லை. அது பணிநேரம் இல்லை. சிரித்து முடித்து, "நீங்க எவ்ளோ உயரம்?" என்றாள்.

"அது வந்துங்க, சொல்றவங்களைப் பொறுத்து..."

"இப்ப நீங்கதானே சொன்னீங்க. இப்ப எவ்ளோ?"

கைலாசநாதன் தொலைபேசிக் குழலைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, கழியை எடுத்துத் தம் அருகில் நிறுத்தினார். தியாகராசனைப் பார்த்தார். தியாகராசன் எழுந்து வந்து, கழியின் உச்சிக்கும் அவர் தலைக்கும் இடையில் தம் கையைக் கிடைமட்டமாக வைத்தார். கை அளவெடுத்ததுபோல் அங்கே பொருந்தியது.

"கழிக்கு நாலு விரக்கடை கம்மிங்க" என்றார் கைலாசநாதன். "நானே இப்பதான் பாக்குறேன்."

திரிபுரசுந்தரி அன்று மாலை தந்தையிடம், "இனிமே எந்த ஊருக்கும் கழியைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்கப்பா. அது இருக்கற எடத்துலயே இருக்கட்டும்" என்றாள். தெட்சிணாமூர்த்தி விதியை நினைவூட்டினார். ஊர் சிரிக்கும் என்றார். மேரியில் தம்முடன் பணியாற்றியவர்களின் முகத்தில் எவ்வாறு விழிப்பது என்றார். எட்டு மாதங்கள் சொல்லிப் பார்த்தார். அவள் விவாதிக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்பதுபோல் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒன்பதாம் மாதம் அவர் நாள் குறித்தார்.

திருமணம் 1977ஆம் ஆண்டு, கோட்டுச்சேரியில் நிகழ்ந்தது. இரண்டு ஊரும் திரண்டு வந்தன. பந்தலின் மேற்கில் ராஜம் வந்தவர்களை வரவேற்று அமர்த்தினார்; கிழக்கில் முகம்மது இப்ராஹிம் அதையே செய்தார். மணவறையில் அமர்ந்திருந்த வரையில் இடர் எதுவும் நேரவில்லை. கைலாசநாதன் அமர்ந்தபடியே ஏறினார், இறங்கினார். புகைக்கு நடுவில் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. மாலை மாற்ற எழுந்து நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. மாலை ஒருமுறை அவர் மார்புக்கு நேராகவும், மறுமுறை தலைக்கு மேலே வெற்றிடத்திலும் நின்றது. படம் எடுப்பவர் கருவியை இறக்கி வைத்துவிட்டு, "ஒரு எடத்துல நில்லுங்க சார்" என்று கெஞ்சினார். தெட்சிணாமூர்த்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பொழுது மணப்பெண், மாலையைக் கையில் ஏந்தியவாறு, மணவறையில் மணப்பெண் பேசும் வழக்கம் இல்லாத போதிலும், வாய் திறந்து பேசினாள்.

"மேட்டுக் கொல்லையில இந்த வருசம் என்ன போட்டிருக்கீங்க?"

"பொண்ணு பேசுதுடி!" என்று ஒருத்தி சொன்னாள். பந்தல் முழுவதும் அடங்கிற்று. ராஜம் அடங்கினார். முகம்மது இப்ராஹிம் அடங்கினார். மாப்பிள்ளை என்ன விடை சொல்லப்போகிறார் என்று இரண்டு ஊரும் காது கொடுத்தன.

"உளுந்துதாங்க" என்றார் கைலாசநாதன். "ஓரத்துல கொஞ்சம் கொத்தவரை. மழை தாங்குனா பாப்போம்."

இவ்வாறு விடை சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் ஓர் உயரத்தில் நின்றார். அந்த உயரத்தில் அவரை ஊர் அதுவரை கண்டதில்லை. திரிபுரசுந்தரி நான்கு விரற்கடை குனிந்து அவர் கழுத்தில் மாலையிட்டாள். அவர் கையை உயர்த்தி அவள் கழுத்தில் இட்டார். படம் எடுப்பவர் அந்த நொடியைத் தவறவிடவில்லை. மறுமாதம் திரிபுரசுந்தரி ராஜத்தைத் தனியே சந்தித்து, "அக்கா, அந்த நெலம் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க வீட்ல நண்டு வெட்ட ஆளில்ல" என்றாள். நண்டுக்கும் நிலத்துக்கும் என்ன தொடர்பு என்பது ராஜத்துக்கு விளங்கவில்லை. நிலம் தங்கும் என்பது மட்டும் விளங்கியது. அதன் பிறகு அவர் அச்சம் நீங்கியது. ஆனால் குரல் பழகியபடியே நின்றுவிட்டது. கிணற்றில் ஓடித் தேய்ந்த கயிறு, வாளியை மாற்றியதற்காகத் தடத்தை மாற்றுவதில்லை. கைலாசநாதன் சுரக்குடிக்குள் நுழைந்தால் முன்போலவே நாலரை அடிக்கு வந்தார். மாட்டுக் கொட்டகையின் தாழ்ந்த வாசலில் குனியாமல் நுழைந்து அண்ணனுக்கு உதவினார். கோயில் விழாவுக்கு உயரத்தில் தோரணம் கட்ட வேண்டியிருந்தால், ஏணிக்கு ஆள் அனுப்பாமல் முகம்மது இப்ராஹிமுக்கு ஆள் அனுப்பினார்கள்.

1981இல் அவர்கள் கோட்டுச்சேரியில் வீடு கட்டினர். நோன்புக் கஞ்சி கொண்டுவரும் முகம்மது இப்ராஹிமை முன்னிட்டு, நிலைப்படிகள் ஏழடிக்கு வைக்கப்பட்டன. மின்பணி செய்த அற்புதராஜிடம், கூடத்து விளக்குக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விசைகள் வேண்டும் என்று திரிபுரசுந்தரி கூறினாள்.

"ஒரு பல்புக்கு எதுக்கும்மா மூணு சுவிட்சு?"

அவள் காரணத்தைச் சொன்னாள். அற்புதராஜ் தலையைச் சொறிந்து யோசித்து, "அப்ப ஒயர் கொஞ்சம் கூடப் புடிக்குமே" என்றார். கீழ் விசை சுரக்குடியினர் வந்திருக்கும் நாள்களிலும், மேல் விசை நோன்புக் காலத்திலும் பயன்பட்டன. வேற்றாரிடம் திரிபுரசுந்தரி தன் கணவரைப் பற்றி நல்லதாகவும் தீயதாகவும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவற்றை அவரிடமே சொன்னாள். அவற்றுள் சில கடுமையானவை. கூடம் வரை கேட்கும். எனினும் அவற்றால் அவர் உயரம் மாறியதில்லை.

அவர்களுடைய மகள் அல்லிக்கு 1987இல் ஒன்பது வயது. பள்ளி ஆண்டுவிழாவில் 'என் தந்தை' என்னும் தலைப்பில் அவள் எழுதிய கட்டுரையை ஒலிபெருக்கியில் வாசிக்குமாறு ஆசிரியை ஞானமேரி பணித்தார். இச்செய்தி கேட்ட நாள் முதல் கைலாசநாதன் விழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். அதுவரை அவரைப் பற்றி ஒரே நேரத்தில் ஐந்நூறு பேர் கேட்கப் பேசியவர் இல்லை. குழந்தை பெருமிதத்தோடு வாசித்தால் பந்தலின் துணி கிழியும். இரக்கத்தோடு வாசித்தால் நாற்காலியில் அவரைத் தேட வேண்டியிருக்கும். இரண்டில் எதுவும் மகளின் கண்ணெதிரில் நிகழ்வதை அவர் விரும்பவில்லை. "நான் போகலை, வயிறு சரியில்லை" என்றார். "போங்க. போயி கடைசி வரிசையில உக்காருங்க" என்றாள் திரிபுரசுந்தரி. அவர் மூன்று அளவுச் சட்டைகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, எதை அணிவது என்று தெரியாமல் வேட்டியும் துண்டுமாகப் போனார்.

ராஜம் சுரக்குடியிலிருந்து வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார். முகம்மது இப்ராஹிம் காக்கிச் சட்டையுடன் ஓரத்தில் நின்றார். இருவரும் அருகிலிருந்தவர்களிடம் பேசத் தொடங்கியிருந்தனர்; கடைசி வரிசையில் கைலாசநாதன் லேசாக அசைந்துகொண்டிருந்தார். அல்லி மேடையேறினாள். கையைக் கட்டிக்கொண்டாள். சென்ற ஆண்டு 'பசு' கட்டுரையை எந்தக் குரலில் வாசித்தாளோ, அதே குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், முற்றுப்புள்ளிக்கு முற்றுப்புள்ளி ஒரே அளவு மூச்சு விட்டு வாசித்தாள். ஒலிபெருக்கி பெருமாள் கோயில் தெரு வரைக்கும் கேட்டது.

"என் தந்தையின் பெயர் கைலாசநாதன். அவர் விதைக்கிடங்கில் பணிபுரிகிறார். அவருக்கு ஒரு மனைவியும் ஒரு மகளும் உண்டு. அவர் வாய்க்கால் ஓரத்து நிலத்தைப் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். ஏனெனில் அங்கே நண்டு வளைகள் அதிகம். அவருக்கு நண்டு வெட்டப் பிடிக்காது. அவருக்கு உளுந்து வடை பிடிக்கும். பெரியம்மா மோர் நன்றாகச் செய்வார். என் தந்தை அம்மாவைவிட நான்கு விரற்கடை குட்டை. அவர் காலையில் சீக்கிரம் எழமாட்டார். அவர் என் தந்தை ஆவார்."

கூட்டம் கை தட்டியது. கைலாசநாதன் திரும்பித் தம் தோள்களையும், நாற்காலியின் சாய்வையும், பக்கத்திலிருந்தவரின் தோள்களையும் பார்த்தார். எங்கும் ஒரு நூல் மாறவில்லை. மூன்றாம் வரிசையில் ராஜம், "அட, நண்டாலயா?" என்றார். ஓரத்தில் முகம்மது இப்ராஹிம், "நண்டா? நெசமாவா?" என்று முகம் வாடிக் கேட்டார். அவருக்கு அச்செய்தி பிடிக்கவில்லை.

நண்டுச் செய்தி ஊரில் எடுபடவில்லை. அது சொல்வதற்குச் சுவையாக இல்லை. சுரக்குடிப் பேருந்தில் வாய்க்கால் ஓரத்து நிலம் முன்போலவே தூக்கிக் கொடுக்கப்பட்டது. ராஜத்தின் வீட்டில் மூச்சு முன்போலவே விடப்பட்டது. கைலாசநாதனும் அவ்வவ்விடங்களில் முன்போலவே ஏறி இறங்கினார். லூர்துநாதனின் மகன் கடையை ஏற்ற பிறகும் மூன்று அளவுகளிலேயே தைத்துக் கொடுத்தான். ஆனால் விழா முடிந்த அன்று மாலை மூவரும் வீடு திரும்பியபோது, கூடத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது. அல்லி ஓடிச் சென்று பாயில் விழுந்தாள். திரிபுரசுந்தரி உளுந்து ஊறப்போட அடுக்களைக்குப் போனாள். கைலாசநாதன் சுவர் அருகில் சென்று, கையை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், நடுவிலிருந்த விசையை அழுத்தினார். விளக்கு எரிந்தது.